ஏழாம் எண் மறந்த ஒன்பது நாள்

வீட்டில் சின்னவளுக்கு அரைகுறை என்று பெயர். வைத்தவர் அப்பா. கல்லூரியை இரண்டாம் வருஷத்தோடு விட்டாள், தட்டச்சு வகுப்பை நாலு மாதத்தில் விட்டாள், கல்யாணத்தை எட்டு மாதத்தில் விட்டாள், சரிதானே நான் வைத்த பெயர் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டுச் சிரிப்பார். அம்மா இடுப்பெலும்பு முறிந்து ஒரு வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது கூட இருக்க ஆள் வேண்டும் என்று கல்லூரியிலிருந்து அவளை நிறுத்தியவரே அவர்தான். தட்டச்சு நிலையத்தை அதன் முதலாளியே இழுத்து மூடிவிட்டுப் போனார். கல்யாணத்தை விட்டது இவளில்லை, அவன். இதெல்லாம் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன, பெயர் வாய்க்கு வசதியாக இருந்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளுக்கு இப்போது முப்பத்து நான்கு வயது.

பெரியவள் தோல் டாக்டர். மருந்துக்கடைக்கு மேலே முதல் மாடியில் மூன்று அறை வைத்திருந்தாள். முன்னறையில் வருகிறவர்கள் உட்கார நாற்காலிகளும் ஒரு மேஜையும், நடு அறையில் அவள், பின்னறையில் ஓர் இரும்பு அலமாரி, சின்னக் குளிர்பெட்டி, அதன் கதவில் தொங்கும் வெப்பமானி. அந்தப் பின்னறையில்தான் அந்த வருஷம் ஆராய்ச்சி நடந்தது. வெப்பநாட்டுக் காடுகளில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளரும் ஒரு பெரணி உண்டு. அதன் இலைச் சத்தை மாத்திரையாக விழுங்கினால் வெயில் தோலைச் சுடுவது குறையும் என்று ஒரு கம்பெனி சொன்னது. ஏற்கெனவே சிலர் சோதித்துப் பார்த்திருந்தார்கள். ஒன்றில் பத்துப் பேர், இன்னொன்றில் இருபது பேர், எல்லாம் சின்னச் சின்னச் சோதனைகள், சில வாரங்களில் முடிந்தவை. குறைகிற மாதிரித்தான் தெரிகிறது, பெரிதாகச் செய்து பார்க்க வேண்டும் என்று எல்லோருமே கடைசி வரியில் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். முதலில் பன்னிரண்டு பேரை வைத்துச் செய்து காட்டு, சரியாக வந்தால் முந்நூறு பேரை வைத்துச் செய்யும் பெரிய ஆராய்ச்சியும் உனக்கே என்று கம்பெனி பெரியவளிடம் சொல்லியிருந்தது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பதினொரு பேர் கிடைத்தார்கள். பன்னிரண்டாவதாக வர ஒப்புக்கொண்ட தபால்காரருக்குத் திடீரென்று இடமாற்றம் வந்துவிட்டது. நாள் கடத்த முடியாது. அன்று மத்தியானம் பெரியவள் வீட்டுக்கு வந்து, துணி மடித்துக்கொண்டிருந்த தங்கையின் எதிரில் உட்கார்ந்தாள்.

"அறுபது நாள். காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. ஒருவேளைகூட விடக்கூடாது. உன்னால முடியுமா?"

"முடியும்க்கா."

"நீ இப்படித்தான் சொல்லுவ. அப்புறம் பாதில விட்டுட்டு நிப்ப."

"மாட்டேன்."

"சரி, விடாம சாப்பிட்டுக் காட்டு. பின்னறையில மருந்துப் பதிவேடு பாத்துக்க ஆள் வேணும் எனக்கு. அறுபது நாள் முடிஞ்சதும் அலமாரிச் சாவி உன் கையில."

சின்னவளுக்கு அந்தச் சாவி போதும். காலையில் தலை சீவிக்கொண்டு கிளம்பிப் போக ஓர் இடம், உட்கார ஒரு நாற்காலி, அவள் எழுதினால்தான் செல்லும் என்று ஒரு பதிவேடு. அதற்காக அவள் பெரணியை வேரோடு தின்னச் சொன்னாலும் தின்றிருப்பாள். படிவத்தில் 'ஆய்வு நடத்துபவருக்கு உறவினரா?' என்று ஒரு கேள்வி இருந்தது. உறவினரைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. பெரியவளே பேனாவை வாங்கி 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டாள். அன்றிலிருந்து தங்கை ஏழாம் எண்.

சோதனை எளிமையானதுதான். முதுகில் ஒரு ரப்பர் தகட்டை ஒட்டுவார்கள். அதில் விரல்நகம் அளவுக்கு ஆறு சன்னல்கள். வெயிலில் தோலைச் சுடுகிற புறஊதாக் கதிரை வீசும் விளக்கை அதன் மேல் பிடித்து, முதல் சன்னலுக்குக் கொஞ்ச நேரம், அடுத்ததற்கு இன்னும் கொஞ்சம் என்று கூட்டிக்கொண்டே போவார்கள். மறுநாள் எந்தச் சன்னலிலிருந்து தோல் சிவந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். மாத்திரை சாப்பிடுவதற்கு முன்னால் ஒருமுறை, அறுபது நாள் கழித்து ஒருமுறை. நாலாவது சன்னலில் சிவந்தவருக்கு அப்புறம் ஐந்தாவதில்தான் சிவந்தது என்றால் பெரணி வேலை செய்திருக்கிறது.

சின்னவள் மாத்திரை சாப்பிட்ட அழகை ஒருவரும் பார்க்கவில்லை. காலை எட்டு மணிக்கு ஒன்று, மத்தியானம் ஒரு மணிக்கு ஒன்று. கொடுத்திருந்த நாட்குறிப்பில் நிமிஷம் விடாமல் எழுதினாள். எட்டு மூன்று, ஒன்று பத்து. காய்ச்சலில் படுத்த நாளில் வாந்தி எடுத்துவிட்டு, அரைமணி கழித்து இன்னொன்று போடலாமா என்று அக்காவிடம் தொலைபேசியில் கேட்டு, வேண்டாம் என்று அவள் சொன்னதையும் எழுதினாள். அறுபதாம் நாள் காலிப் புட்டியைக் கழுவித் துடைத்துத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். நூற்றிருபது மாத்திரை, ஒன்று மீதியில்லை. முப்பத்து நாலு வருஷத்தில் ஒன்றைத் தொடங்கி முடிவு வரைக்கும் கொண்டுபோக அவளை விட்டது அதுதான் முதல் தடவை. மனசு நிறைந்து கிடந்தாள், பாவம்.

மறுநாள் முதுகைப் பார்த்த பெரியவளின் முகம் மாறிவிட்டது. முன்பு நாலாவது சன்னலில் சிவந்த தோல் இப்போது மூன்றாவதிலேயே சிவந்திருந்தது.

"விளக்கு சரியில்லபோல. இன்னொரு தடவை பாத்துடலாம்."

இரண்டாம் தடவை வேறு இடத்தில் ஒட்டினார்கள். மூன்றாவதிலேயே சிவந்தது. நாலு நாள் விட்டு மூன்றாம் தடவை. குப்புறப் படுத்திருந்தவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஏற்கெனவே சுட்ட கட்டங்கள் கொப்புளம் கட்டியிருந்தன, துணி பட்டால் உயிர் போனது.

"எரியுதுக்கா."

"எரியத்தான் செய்யும். அசையாத."

மூன்றாம் தடவையும் அதே மூன்றாம் சன்னல். ஒரே மனுஷியின் முதுகில் இருபத்து நாலு சதுரம், சீட்டுக்கட்டு பரப்பின மாதிரி. பெரியவள் அதற்கு மருந்து தடவவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டாள். தன் தங்கையின் தோல் தனக்கு வேண்டுமென்றே துரோகம் செய்துவிட்டது என்று அவள் மெய்யாகவே நினைத்தாள்.

மற்றப் பதினொரு பேரில் ஏழு பேருக்கு ஒரு சன்னல் தள்ளியிருந்தது. நாலு பேருக்கு மாற்றமில்லை. ஏழாம் எண் ஒன்றுதான் பின்னால் போயிருந்தது. இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு ஒரு கோடு உண்டு. கிடைத்த பலன் வெறும் தற்செயலாக வந்திருக்கும் என்ற சந்தேகம் நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே இருந்தால் தேறிவிட்டது, மேலே போனால் தேறவில்லை. பன்னிரண்டு பேரையும் சேர்த்துப் போட்டால் ஏழு வந்தது. ஏழாம் எண்ணை எடுத்துவிட்டுப் போட்டால் இரண்டு வந்தது. பெரியவள் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். கணினிக்கு அக்கா தங்கை தெரியாது, கேட்ட போதெல்லாம் அதையே சொன்னது.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாதவரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று விதியில் ஒரு வரி இருந்தது. பெரியவள் தங்கையைப் பின்னறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். மேஜையில் புது நாட்குறிப்பு ஒன்று வெறுமையாக இருந்தது.

"ஒம்போது நாள் மறந்துட்டேன்னு எழுதிக் குடு."

சின்னவளுக்கு முதலில் விளங்கவில்லை. "நான் மறக்கலையே."

"எனக்குத் தெரியாதா? இது காகிதத்துக்கு. ஒம்போது நாள் விட்டுட்டா உன்னைக் கணக்குலேர்ந்து எடுத்துடலாம். அவ்வளவுதான்."

"அப்ப உன் தங்கச்சின்னு சொல்லி எடுத்துடேன்க்கா. சொந்தக்காரங்க சேரக்கூடாதுன்னுதான் இருக்கே. அது நிஜமும்கூட."

நல்ல யோசனை. நேர்மையான வழி அது ஒன்றுதான் இருந்தது. பெரியவள் அவளை ஏதோ கெட்ட வார்த்தை கேட்ட மாதிரிப் பார்த்தாள்.

"அது என் தப்பாயிடும்டி."

அதற்குமேல் அந்த அறையில் பேச என்ன இருந்தது? தப்பு யாருடையதாக இருக்க வேண்டும் என்பது அந்த வீட்டில் எப்போதோ முடிவான விஷயம். பெரியவள் குரலை இறக்கினாள். பெரிய ஆராய்ச்சி வந்தால்தான் பதிவேட்டுக்கு ஆள் வைக்க முடியும் என்றாள். வராவிட்டால் அலமாரியும் இல்லை, சாவியும் இல்லை. "உனக்காகவும்தான் சொல்றேன்" என்றாள். சின்னவள் சாவியைப் பார்த்தாள். அது அலமாரிப் பூட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள்.

பழைய நாட்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து எழுதினாள். எந்த ஒன்பது நாள்?

"உன் இஷ்டம். எதையாவது விடு."

விடுவது அவளுக்கு வரவில்லை. பத்தாம் நாளை விடலாம் என்று பார்த்தால், அன்று தண்ணீர் வரிசையில் நின்றவள் மாத்திரைக்காக இடத்தை விட்டு வீட்டுக்கு ஓடி வந்தது நினைவு வந்தது. பதினேழாம் நாள் காய்ச்சல். முப்பத்தோராம் நாள் பக்கத்து வீட்டில் சாவு, அங்கே போகும்போதுகூட முந்தானையில் முடிந்து எடுத்துப் போயிருந்தாள். எல்லா நாளுக்கும் ஏதோ ஒரு கதை இருந்தது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்த இடத்தையெல்லாம் விட்டாள். விட்ட வரிகளில் 'வெளியூர்', 'தலைவலி' என்று காரணம் எழுதப் போனாள்.

"காரணமெல்லாம் எழுதாத. மறந்துட்டேன்னு மட்டும் எழுது. காரணம் இருந்தா ஏன் எதுக்குன்னு கேப்பாங்க."

ஒன்பது இடத்தில் 'மறந்துவிட்டேன்' என்று எழுதினாள். பெரியவள் வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"என்னடி இது, அச்சடிச்ச மாதிரி? மறக்கறவ இப்படியா எழுதுவா? கொஞ்சம் கிறுக்கு. மையை மாத்தி எழுது."

முழுவதையும் மறுபடி எழுதினாள். பெரியவள் அலமாரியைத் திறந்து, இருப்பிலிருந்த புட்டியைக் கவிழ்த்துப் பதினெட்டு மாத்திரையை எண்ணி, தங்கை கழுவித் துடைத்துக் கொடுத்திருந்த காலிப் புட்டியில் போட்டு மூடினாள். 'மீதி 18' என்று எழுதி, எண்ணியவர் இடத்தில் தான் கையெழுத்துப் போட்டு, எண் ஏழு இடத்தில் தங்கையைப் போடச் சொன்னாள். பழைய நாட்குறிப்பை நாலாய், எட்டாய், பதினாறாய்க் கிழித்தாள். கிழிந்து விழுந்த துண்டுகளைச் சின்னவள் குனிந்து பொறுக்கினாள். மறுநாளே வேலைக்கு வா என்று அக்கா சொன்னதும் அவற்றைக் கூடையில் போட்டாள். ஏமாறுகிறவர்களை ஏமாற்றுவது அவ்வளவு சுலபம்.

பத்து நாள் அவள் முன்னறை மேஜையில் உட்கார்ந்தாள். வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதினாள், குளிர்பெட்டியின் வெப்பமானியைக் காலையும் மாலையும் பார்த்துக் குறித்தாள், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். முதுகை நாற்காலியில் சாய்க்க முடியாததால் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். அது பார்ப்பதற்குக் கொஞ்சம் பெருமையாகத் தெரிந்தது.

பதினோராம் நாள் கம்பெனியிலிருந்து காகிதங்களைச் சரிபார்க்க ஒரு பெண்மணி வந்தார். தடித்த கண்ணாடி, மெல்லிய குரல். நடு அறையில் உட்கார்ந்து புட்டிகளை எண்ணினார், நாட்குறிப்புகளைப் புரட்டினார். ஏழாம் எண்ணில் நின்றார்.

"ஒருத்தரைத்தான் கணக்குலேர்ந்து எடுத்திருக்கீங்க. அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசிடறேன் டாக்டர். வழக்கம்தான்."

முன்னறை மேஜையில் சின்னவளின் கைப்பேசி அடித்தது. நடு அறையின் கதவு திறந்துதான் இருந்தது. கண்ணாடிக்காரருக்குப் பின்னால் நின்ற பெரியவள் கண்ணாலேயே வெளியே போ என்றாள். சின்னவள் கைப்பேசியை முந்தானையில் பொத்திக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினாள். பாதிப் படியில் நின்று, கீழே மருந்துக்கடைக்காரர் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த சத்தத்துக்கு நடுவே, காதில் வைத்தாள்.

"ஏழாம் எண்ணா? நான் கம்பெனிலேர்ந்து பேசறேன். பயப்படாதீங்க. உங்களை யாரும் திட்ட மாட்டாங்க. ஒம்போது நாள் மாத்திரை சாப்பிடலேன்னு எழுதியிருக்கீங்களே, அது உண்மையா?"

கேட்ட குரல் அவ்வளவு அன்பாக இருந்தது. அந்த மாதிரிக் குரலில் அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் ஒருவேளைகூட விடவில்லை என்று. வாய்வரைக்கும் வந்தது. இடுப்பில் சாவி குத்திக்கொண்டிருந்தது.

"உண்மைதாங்க."

"யாராவது அப்படி எழுதச் சொன்னாங்களா?"

"இல்லைங்க. நானேதான்."

"ஏன் விட்டுப்போச்சு? வயித்துக்கு ஒத்துக்கலையா? அப்படின்னா நாங்க அதைக் குறிச்சுக்கணும், அதான் கேக்கறேன்."

"அதெல்லாம் இல்லைங்க. நான் அப்படித்தான். எதையுமே முழுசா செய்ய மாட்டேன். எங்க வீட்டுல கேட்டாலும் சொல்லுவாங்க."

"பரவாயில்லம்மா, எல்லாரும் மறக்கறதுதான்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் வைத்துவிட்டார். சின்னவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே போய் மேஜையில் உட்கார்ந்தாள். சாயங்காலம் கிளம்பும்போது கண்ணாடிக்காரர் அவளைப் பார்த்து யாரோ என்று சிரித்துவிட்டுப் படியிறங்கினார். காகிதமெல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று பெரியவளிடம் சொல்லியிருந்தார். பெரிய ஆராய்ச்சி வந்துவிட்டது.

பெரியவள் கதவைச் சாத்திவிட்டு வந்து கையை நீட்டினாள்.

"சாவியைக் குடு."

"எதுக்குக்கா? இன்னும் வெப்பமானி பாக்கலையே."

"நாளைலேர்ந்து நீ வர வேணாம். புதுசா ஒரு பொண்ணு வரா, மருந்தாளுநர் படிச்சவ."

சின்னவள் எழுந்து நின்றாள். "நீ சொன்னியே."

"சொன்னேன். இப்ப யோசிச்சுப் பாரு. பதிவேடு எழுதறவ கையெழுத்து ஒவ்வொரு பக்கத்துலயும் வரும். ஏழாம் எண் கையெழுத்தும் அதே பெட்டில இருக்கு. அந்தம்மா ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா நான் என்ன பதில் சொல்றது? மாத்திரை சாப்பிடவே மறந்தவளை மருந்துக்குக் காவல் வச்சிருக்கீங்களேன்னு கேக்க மாட்டாங்களா?"

"நான் மறக்கலக்கா!"

"கத்தாத. எழுத்துல இருக்கு. அந்தம்மாகிட்டயும் நீதான சொன்ன, உன் வாயால."

"எழுதச் சொன்னப்பவே உனக்கு இது தெரியுமா?"

பெரியவள் விளக்கை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். "தெரிஞ்சா என்ன, தெரியலைன்னா என்ன. ஆகவேண்டியது ஆச்சு இல்ல?" நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. சின்னவள் இடுப்பிலிருந்து சாவியை உருவி அதில் வைத்தாள். வீசியெறிந்திருக்கலாம். அந்தப் புத்தி அவளுக்கு அந்த நேரத்தில் வரவில்லை, வந்திருந்தாலும் செய்திருக்க மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரியவள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். பெரிய ஆராய்ச்சி பற்றி அப்பா ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்தார். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "இவளை ஏன் நிறுத்திட்ட? பத்து நாள் போனாளே" என்று கேட்டார். என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஆள் தேவைப்படவில்லை என்று சொல்லியிருக்கலாம், படித்த பெண் கிடைத்தாள் என்ற உண்மையையே சொல்லியிருக்கலாம். பெரியவள் குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள்.

"சோதனையில சேத்தேன்பா. ஒம்போது நாள் மாத்திரையை மறந்துட்டா. அவளை எடுத்துட்டுப் போட்டதாலதான் ஆராய்ச்சி தேறிச்சு."

அப்பா கடகடவென்று சிரித்தார். "அரைகுறைகிட்டப் போய்க் குடுத்தியே, உன்னைச் சொல்லணும்!"

"நான் மறக்கலப்பா" என்றாள் சின்னவள். பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைக் குழம்புச் சட்டியில் போட்டாள். "ஒருவேளைகூட மறக்கல. அக்காதான் அப்படி எழுதச் சொன்னா. முதுகைப் பாருங்க வேணா."

பெரியவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கையெழுத்துப் போட்டிருக்காப்பா. கம்பெனிலேர்ந்து ஃபோன் பண்ணிக் கேட்டாங்க, அவங்ககிட்டயும் மறந்துட்டேன்னுதான் சொன்னா. அப்ப பொய் சொன்னாளா, இப்ப பொய் சொல்றாளா, அவளையே கேளுங்க."

அப்பா சிரிப்பதை நிறுத்திவிட்டார். "மறந்தாகூடப் பரவாயில்ல. செஞ்சதை மறைக்க அக்கா மேல பழி போடறியா நீ?" என்றார். பெரியவள் மோர் கேட்டாள். சின்னவள் ஊற்றினாள்.

சாப்பாடு முடிந்து பெரியவள் போன பிறகு, சின்னவள் வழக்கம்போல அலமாரியிலிருந்து அம்மாவின் மாத்திரைப் பெட்டியை எடுத்தாள். இடுப்பு முறிந்த வருஷத்திலிருந்து அம்மாவுக்கு மாத்திரை கொடுப்பது அவள்தான். ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று, எலும்புக்கு ஒன்று. பதினாலு வருஷம். மாத்திரையைத் தேடி அம்மா ஒருநாள்கூட எழுந்ததில்லை. கட்டிலில் சாய்ந்திருந்த அம்மா அவளை இதுவரை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை, அரைகுறை என்று கூப்பிட்டதுமில்லை. சாப்பாட்டு நேரத்துப் பேச்சு அம்மாவின் காதிலும் விழுந்திருந்தது. தண்ணீர்க் குவளையோடு பக்கத்தில் வந்து நின்றவளைப் பார்த்தாள்.

"அந்தப் பெட்டியை இங்க குடும்மா. இனிமே நானே பாத்துக்கறேன்."

"ஏம்மா?"

அம்மா பெட்டியை வாங்கி மடியில் வைத்து ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்தாள். கண் சரியாகத் தெரியாததால் விரலால் தடவித் தடவி எண்ணினாள்.

"இத்தனை வருஷத்துல எனக்கு எத்தனை நாள் விட்டுப் போச்சோ" என்றாள், குரலில் கோபமே இல்லாமல்.

சின்னவள் குவளையைக் கட்டிலின் பக்கத்தில் வைத்தாள். அம்மா இரண்டு மாத்திரையை விழுங்கிவிட்டு, மூன்றாவது எது என்று தெரியாமல் பெட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் கேட்கவில்லை.